மலை ஏறும் ஜீப்பில் கிளச் சூடேறினால்: அறிகுறி பார்த்து என்ன செய்வது

குமரி மாவட்டத்தில் தடிக்காரன்கோணம் தாண்டிக் கீரிப்பாறைப் பக்கம் ஏறும் வழியிலோ, பேச்சிப்பாறைக்கு மேலுள்ள தோட்டச் சாலையிலோ, ஆறுகாணி, பத்துகாணி ஏற்றத்திலோ ஒரு ஜீப் திணறி நின்று, அடியிலிருந்து கருகல் வாசனை வந்தால் சுற்றி நிற்பவர்கள் உடனே சொல்வது: "கிளச் போச்சு." பல நேரம் போயிருக்காது. சூடேறியிருக்கும், அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால், சூடேறிய கிளச்சும் தேய்ந்து முடிந்த கிளச்சும் மலையில் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஆறிய பிறகு அது எப்படி இழுக்கிறது என்பதே. ஆறும் முன்பே முடிவு கட்டி வண்டியைக் கட்டி இழுத்து, கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்தால் பிளேட் நன்றாகவே இருக்கும். இன்னொரு பக்கம், ஆறும் முன்பே மறுபடி ஏற்ற முயன்று, பிழைத்திருக்க வேண்டிய பிளேட்டைத் தாங்களே எரித்து முடிப்பவர்களும் உண்டு. இரண்டாவது ரகம்தான் அதிகம்.

இங்கே எழுதுவது கையால் கியர் மாற்றி ஓட்டும், நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் வண்டிகளுக்கு: பழைய மஹிந்திரா ஜீப்புகள், தார், கூர்க்கா, ஜிப்ஸி, ஜிம்னி போன்றவை. ஆட்டோமேட்டிக் வண்டியின் சங்கதி வேறு.

சூடு எங்கிருந்து வருகிறது

எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரமான பிளைவீலுக்கும், அதன்மேல் அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளச் பிளேட் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறது. பெடலை முழுதாக விட்டால் மூன்றும் ஒன்றாகச் சுற்றும். உரசல் இல்லை, சூடும் இல்லை. முழுதாக மிதித்தால் பிளேட் விலகி நிற்கும். அப்போதும் சூடு இல்லை. நடுவில், பெடலைப் பாதி மட்டும் விட்ட ஆஃப் கிளச்சில், ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் உரசிக்கொண்டு சுற்றும்போதுதான் எஞ்சினின் சக்தி சூடாக மாறுகிறது.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் 1,500 ஆர்.பி.எம்மில் ஓடுகிறது, 150 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொடுக்கிறது, வண்டியோ கல்லில் முட்டி நகராமல் நிற்கிறது என்று வையுங்கள். சக்கரம் சுற்றாததால் அந்தச் சக்தி முழுவதும், ஏறத்தாழ 23.5 கிலோவாட், கிளச்சில்தான் இறங்குகிறது. இருபதுக்கும் மேற்பட்ட இஸ்திரிப் பெட்டிகளை ஒரே மூடிய டப்பாவுக்குள் வைத்து ஸ்விட்ச் போட்ட மாதிரி. பிளைவீலும் பிரஷர் பிளேட்டும் சேர்த்து 15 கிலோ இரும்பு என்று வைத்தால், பத்தே விநாடியில் அந்த மொத்த இரும்பும் சராசரியாக 30 டிகிரிக்கு மேல் சூடேறிவிடும். உரசும் மேற்பரப்பில் அதைவிடப் பல மடங்கு. "ஒரு நிமிஷம்தானே முக்கினேன்" என்று சொல்லும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சூடு வெளியேற வழியும் குறைவு. கிளச்சைச் சுற்றியுள்ள கூடான ஹவுசிங் கிட்டத்தட்ட மூடியே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மழைக்காலச் சேற்றில்தான் கிளச் எரியும் என்று பலர் நினைக்கிறார்கள். செம்மண் வழுக்கும்போது டயர்தான் முதலில் வழுக்கிச் சுற்றும். கிளச்சுக்கு அவ்வளவு பாரம் ஏறாது. காய்ந்த பாறையும் கல் பாவிய எஸ்டேட் ரோடும்தான் ஆபத்து. அங்கே டயர் பிடித்துக்கொள்ளும். வழுக்க வேறு இடமில்லாமல் கிளச் வழுக்கும். தை, மாசியில் கிராம்பு மூட்டையும் ஆளும் ஏற்றிக்கொண்டு மாறாமலைப் பக்கம் ஏறி இறங்கும் வண்டிகள் இதில் மாட்டுவது அதனால்தான். கடற்கரை மணலும் அப்படியே: டயர் புதைந்து, பாரம் முழுக்கக் கிளச்சின் தலையில் விழும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

ஏற்றத்தில் கிளச்சை வைத்தே வண்டியைத் தாங்கி நிறுத்துவதை உடனே விடுங்கள். பிரேக்கை மிதியுங்கள், ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள், கூட இருப்பவரை இறக்கிச் சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லுங்கள். கல் கட்டாயம். கியரில் போட்டு நிறுத்தியிருக்கிறோம், வண்டி உருளாது என்ற நம்பிக்கை இப்போது செல்லாது. வழுக்கும் கிளச்சால் எஞ்சினைக்கொண்டு வண்டியைப் பிடித்து நிறுத்த முடியாது.

முடிந்தால் சமதளம் வரை பின்னால் இறங்குங்கள். ஃபோர் லோவில் (நான்கு சக்கரமும் இழுக்கும், வேகம் குறைந்த கியர் நிலை) ரிவர்ஸ் கியர், பெடலிலிருந்து கால் முழுதாக எடுத்திருக்க வேண்டும், ஆக்சிலரேட்டர் வேண்டாம், வலது கால் பிரேக் மேல் தயாராக. ரப்பர் தோட்டத்துக்குள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இலை உதிர்ந்து சருகு தடிமனாகக் கிடக்கும் இடங்கள் உண்டு. சூடான சைலன்சரோடு அதன்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். வெறும் தரை பார்த்து நிறுத்துங்கள்.

அப்புறம் நியூட்ரலுக்கு வந்து, பெடலை முழுதாக விட்டு, எஞ்சினை ஐடிலில் ஓடவிடுங்கள். பிரஷர் பிளேட் சுற்றும்போது ஹவுசிங்குக்குள் காற்றைக் கலக்கும். எஞ்சினை அணைத்தால் அந்தக் காற்றோட்டமும் நின்றுவிடும். இதில் ஒரு பழக்கத்தை விட வேண்டும்: காத்திருக்கும்போது பெடலை மிதித்துக்கொண்டே இருப்பது. எங்கள் பக்கத்து மூத்த டிரைவர்கள் கூட உட்கார்ந்திருக்கும் பையனிடம் முதலில் சொல்வது, "மக்கா, கிளச்சுல இருந்து காலை எடு. காலை கீழ வை." அதுதான் முதல் வைத்தியம். வாசனை மட்டும் என்றால் கால் மணி நேரம் போதும். புகை வந்திருந்தால் அரை மணிக்குக் குறையாமல். புகை அடர்த்தியாக வந்துகொண்டே இருந்தாலோ, அடியில் எண்ணெய் சொட்டினாலோ எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாரும் இறங்குங்கள்.

தண்ணீர் ஊற்றாதீர்கள். ஓடை பக்கத்தில் இருந்தாலும் வேண்டாம். சூடான வார்ப்பிரும்பில் திடீரென்று குளிர்ந்த நீர் பட்டால் வளையும், வெடிப்பு விடும்.

"வாசனை வருது, ஆனா வண்டி இழுக்குது"

இருப்பதிலேயே லேசான நிலை இது. பிளேட்டின் மேற்பரப்பு கொஞ்சம் சூடாகி அதிலுள்ள பிசின் கருகுகிறது. கால் மணி நேரம் ஆறவிட்டு, அதே ஏற்றத்தை ஃபோர் லோவில் ஏறுங்கள். முன்பு ஹையில் ஏறியதால்தான் வாசனை வந்தது என்பது பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிடும்.

லோ எதற்கு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸில் லோ போட்டால் வண்டியைப் பொறுத்து 2 முதல் 2.7 மடங்கு வரை கியர் இறங்கும். அதே ஏற்றத்தில் கிளச் தாங்க வேண்டிய முறுக்கு அந்த அளவுக்குக் குறைகிறது. வண்டியும் அவ்வளவு மெதுவாக நகர்வதால் பெடலைச் சட்டென்று முழுதாக விட்டுவிடலாம். ஆஃப் கிளச்சில் தொங்கும் நேரமே மிச்சம். லோ என்பது சேற்றில் மாட்டினால் போடுவது என்று பலர் வைத்திருக்கிறார்கள். செங்குத்தான கல் ஏற்றம் தொடங்கும் இடத்திலேயே, வண்டியை நிறுத்தி, லோ போட்டுக்கொண்டு ஏறுவதுதான் சரி. பாதி ஏறி, திணறி, வாசனை வந்த பிறகு போடுவது பாதிப் பலன்தான். தார் ரோட்டில் மட்டும் ஃபோர் வீல் வேண்டாம். தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீல் போடும் பார்ட் டைம் வண்டிகளில், பிடிப்புள்ள தரையில் திரும்பும்போது முன், பின் ஆக்சில்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

பெரிய டயர் மாட்டியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 29 அங்குல டயருக்குப் பதில் 31 அங்குலம் போட்டால் கியர் ஏறத்தாழ 7 சதவீதம் உயர்ந்த மாதிரி. அந்தக் கூடுதல் பாரம் ஒவ்வொரு கிளம்பலிலும் கிளச்சில்தான் விழும்.

"எஞ்சின் உறுமுது, வண்டி நகரல"

இதுதான் ஸ்லிப். சூட்டில் பிளேட்டின் பிடிப்பு தற்காலிகமாகக் குறைந்திருக்கலாம். அல்லது பிளேட் உண்மையிலேயே தேய்ந்திருக்கலாம். மலையில் நின்று இதைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் மேலும் ஒரு சுற்றுச் சூடு. அரை மணி ஆறவிடுங்கள், சுமையை இறக்குங்கள், ஆட்களை இறங்கி நடக்கச் சொல்லுங்கள், லோவில் மெதுவாகக் கீழே கொண்டு வாருங்கள்.

சோதனையைச் சமதளத்தில், கிளச் நன்றாக ஆறிய பிறகு செய்யுங்கள். காலியான ரோட்டில் மூன்றாவது கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போய், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். எஞ்சின் சத்தமும் வேகமும் சேர்ந்தே ஏறினால் கிளச் பிடிக்கிறது. சத்தம் மட்டும் தாவி எகிறி, வேகம் பின்தங்கி வந்தால் வழுக்குகிறது. ஆர்.பி.எம் மீட்டர் இல்லாத பழைய ஜீப்பில் காதே போதும். அந்தச் சத்தத்தை ஒரு முறை கேட்டவர் மறக்க மாட்டார்.

ஆறிய பிறகு சோதனையில் தேறினால் வண்டியை ஓட்டலாம். ஆனால் இரண்டு விஷயத்தை அடுத்த சில வாரம் கவனியுங்கள்: கிளச் பிடிக்கும் இடம் பெடலின் மேல்பக்கம் ஏறிவிட்டதா, முன்பு சிரமமில்லாமல் ஏறிய ஏற்றத்தில் மறுபடி வாசனை வருகிறதா. இரண்டும் இருந்தால் பிளேட் முடியப்போகிறது. ஆறிய பிறகும் சமதளத்தில் வழுக்கினால் சந்தேகமே வேண்டாம், பிளேட் முடிந்தது, அல்லது பிரஷர் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் டயாப்ரம் ஸ்பிரிங் சூட்டில் இறுக்கம் இழந்துவிட்டது. இரண்டுக்கும் கியர் பாக்ஸ் இறங்கத்தான் வேண்டும்.

"பெடல் பஞ்சு மாதிரி கீழ போயிடுச்சு"

இதைப் பிளேட்டின் குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹைட்ராலிக் கிளச் உள்ள வண்டியில் பெடலுக்கும் கிளச்சுக்கும் நடுவில் இருப்பது பிரேக் ஆயில்தான். அந்த ஆயிலின் அழுத்தத்தில் கிளச்சை விலக்கும் ஸ்லேவ் சிலிண்டரும் அதன் குழாயும் சூடான ஹவுசிங்குக்கும் சைலன்சர் குழாய்க்கும் பக்கத்தில் இருக்கின்றன. டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 இன்னும் குறைவு: 205, 140. கடலோர ஈரக் காற்றும் வருடத்துக்கு இரண்டு மழைக்காலமும் உள்ள நம் மாவட்டத்தில் அந்த ஆயில் ஈரம் ஏற்றுக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் அழுத்தம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். கிளச் விலகாது, கியர் விழாது.

ஆறவிட்டு, பானட்டைத் திறந்து ஆயில் பாட்டிலைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. சில வண்டிகளில் கிளச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே பாட்டில்தான். அப்படியானால் மலை இறங்கும் முன் வண்டி நின்ற நிலையிலேயே பிரேக்கைப் பலமுறை அழுத்திச் சோதியுங்கள், சந்தேகம் இருந்தால் இறக்காதீர்கள். அளவு சரியாக இருந்தால் பெடலை மெதுவாகப் பல தடவை மிதித்து விடுங்கள். ஆறிய பிறகு பெடல் திரும்பிவந்தால் காரணம் கொதித்த ஆயில்தான். ஊருக்கு வந்ததும் பழையதை முழுதாக வெளியேற்றிப் புதிது நிரப்பிக் காற்று எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிட்டால் இந்தத் தொந்தரவு பெரும்பாலும் வராது. ஆறியும் பெடல் வராவிட்டால் பெடல் பக்கமுள்ள மாஸ்டர் சிலிண்டரிலோ ஸ்லேவ் சிலிண்டரிலோ வாஷர் போயிருக்கிறது. ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பார்த்தால் ஈரம் தெரியும்.

"கியர் கரகரன்னு இடிக்குது, விழ மாட்டேங்குது"

எஞ்சின் ஓடும்போது கியர் விழவில்லை, அணைத்தால் சுலபமாக விழுகிறது என்றால் கிளச் முழுதாக விலகவில்லை. பெடல் மெத்தென்று இருந்தால் மேலே சொன்ன ஹைட்ராலிக் வழியில் போங்கள். பெடல் எப்போதும்போல் கடினமாகவே இருந்து கியர் விழாவிட்டால் பிளேட் சூட்டில் வளைந்திருக்கலாம். வளைந்த பிளேட் ஆறும்போது ஓரளவு சரியாகும், அடுத்த ஏற்றத்தில் மறுபடி அதையே செய்யும். கியரைப் பலவந்தமாகத் திணித்து ஓட்டினால் கியர் இடிக்காமல் விழ உதவும் சின்க்ரோ ரிங்குகளும் சேர்ந்து போகும். ஒரு செலவு இரண்டாகும்.

பல நாள் மழையில் நின்ற வண்டியில் இதே அறிகுறி வந்தால் காரணம் வேறு: துருவில் பிளேட் பிளைவீலோடு ஒட்டியிருக்கும். அதற்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை.

"கிளம்பும்போது வண்டி நடுங்குது"

சூடேறிய மறுநாளிலிருந்து இது தொடங்கினால் இரண்டில் ஒன்று. பிளேட்டின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிட்டது. அல்லது பிளைவீலில் அங்கங்கே நீல நிறத் திட்டுகள் விழுந்து, அந்த இடங்கள் கடினமாகிவிட்டன. முதலாவதற்குக் கொஞ்ச நாள் சாதாரணமாக, பாரம் ஏற்றாமல் சமதளத்தில் ஓட்டினால் வழவழப்பு தேய்ந்து நடுக்கம் குறையலாம். குறைகிறதா என்று சில நூறு கிலோமீட்டர் பாருங்கள். குறையாமல் அப்படியே நின்றால் பிளைவீல் வரை பார்க்க வேண்டியதுதான். அதற்கு முன் எஞ்சின் மவுண்ட் ரப்பர்களை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கல் ரோட்டில் ஓடும் வண்டியில் அவை கிழிந்து இதே நடுக்கத்தைத் தருவதுண்டு, மாற்றுவதும் மலிவு.

"சமதளத்துலயே வாசனை வருது"

மலை ஏறாமல், மார்த்தாண்டம் நெரிசலில் போனாலே வாசனை என்றால் ஓட்டும் முறையை முதலில் பாருங்கள். இடது காலைப் பெடல் மேலேயே வைத்து ஓட்டும் பழக்கம் இருக்கிறதா? காலின் பாரமே பிளேட்டின் பிடிப்பைக் குறைக்கப் போதும், பெடல் மிதிக்கும்போது கிளச்சைத் தள்ளி விலக்கும் ரிலீஸ் பேரிங்கையும் தேய்க்கும். அடுத்து பெடலின் பிரீ பிளே. கையால் பெடலை அழுத்தினால் ஒரு விரல் தடிமன் அளவுக்காவது எதிர்ப்பில்லாமல் இறங்க வேண்டும். சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். கேபிள் கிளச் உள்ள வண்டியில் பிளேட் தேயத் தேய இந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். அட்ஜஸ்ட் செய்யாமல் விட்டால் பெடலைத் தொடாமலேயே கிளச் எப்போதும் கொஞ்சம் மிதிபட்ட நிலையிலேயே இருக்கும்.

இரண்டும் சரியாக இருந்தால் ஹவுசிங்கின் அடியில் விரலால் தடவிப் பாருங்கள். கறுத்த, மெல்லிய எண்ணெய் என்றால் எஞ்சினின் பின் ஆயில் சீல். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் பாக்ஸ் சீல். எண்ணெய் ஊறிய பிளேட்டைப் பெட்ரோலில் கழுவி மாட்டலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஊறியது ஊறியதுதான், முதல் சூட்டில் மறுபடி மேலே வரும். சீலையும் பிளேட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

"ஓடை தாண்டினதும் வழுக்குது"

வாசனையே இல்லாமல் வழுக்கினால் ஹவுசிங்குக்குள் தண்ணீர் போயிருக்கும். லோ முதல் கியரில், பெடலை முழுதாக விட்டு மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டினால் காய்ந்துவிடும். தண்ணீருக்குள் இருக்கும்போது மட்டும் பெடலை மிதிக்காதீர்கள். மிதித்தால் பிளேட்டுக்கு இருபுறமும் இடைவெளி திறக்கும், நீரும் மணலும் அதற்குள் போய் உட்காரும். ஓடையில் இறங்கும் முன்பே கியரைத் தேர்ந்தெடுத்து, அதே கியரில் கரையேறுங்கள்.

கியர் பாக்ஸ் இறக்குவதென்று முடிவானால்

இறக்கும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். பழைய பிளேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். ரிவெட்டின் தலை மேற்பரப்போடு சமமாக வந்துவிட்டதா, ஓரம் கருகி உதிர்கிறதா, நடுவில் உள்ள சிறு ஸ்பிரிங்குகள் ஆடுகின்றனவா? பிரஷர் பிளேட்டின் டயாப்ரம் விரல்கள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தாலும் அது வேண்டாம். பிளைவீலில் நீலத் திட்டோ மயிரிழை வெடிப்போ இருக்கிறதா என்று சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். திட்டு லேசாக இருந்தால் லேத்தில் முகம் சீவி எடுக்கலாம். வெடிப்பு இருந்தால் மாற்றத்தான் வேண்டும். சில புதிய டீசல் வண்டிகளில் இரட்டைப் பிளைவீல் (டூயல் மாஸ்) இருக்கும். அதைச் சாதாரண பிளைவீல் போலச் சீவ முடியாது, விலையும் அதிகம். முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிளேட்டை மட்டும் மாற்றி, மற்றதை விட்டுவிடுவது சிக்கனமாகத் தோன்றும். கியர் பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் இதில் பெரிய பங்கு என்பதால், பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாகவே மாற்றச் சொல்வேன். கூடவே பின் ஆயில் சீலையும். புதுப் பிளேட் போட்ட முதல் 500 கிலோமீட்டர் வரை மலைச் சுமை, டிரெயிலர், மணல் எதுவும் வேண்டாம். நாகர்கோவில், தக்கலை என்று ஊர் ஓட்டத்தில் நிதானமாகக் கியர் மாற்றி ஓட்டுங்கள். பிளேட்டின் முகம் பிளைவீலோடு படிந்த பிறகுதான் முழுப் பிடிப்பும் வரும்.